நெர்வ் பிளாக்: அடைப்பா, மரப்பா?

என் பெரியம்மாவுக்கு 78 வயது. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு மூட்டை ஒட்டிய தொடை எலும்பின் கழுத்தை முறித்துக்கொண்டார். அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள் மாலை, கையெழுத்து வாங்கும் ஒப்புதல் படிவத்தை நான்தான் அவருக்கு வாசித்துக் காட்டினேன். ‘வலி நிவாரணத்திற்காக நரம்பு அடைப்பு செய்யப்படும்’ என்று ஒரு வரி. பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “எனக்கு நரம்பும் அடைச்சிருக்காடா? ஏன் யாரும் சொல்லல?” என்று கேட்டார். பெரியப்பா போனது மாரடைப்பில். அந்த வீட்டில் அடைப்பு என்றால் அது ஒன்றுதான்.

இதே சொல்லை இதற்கு முன் ஒரு நாளிதழின் மருத்துவப் பக்கத்திலும், ஒரு காணொளியின் கீழே ஓடும் எழுத்திலும் பார்த்துவிட்டு, சரி என்று கடந்து போயிருக்கிறேன். இந்த முறை அது ஒரு வயதான மனுஷியை இரவு முழுக்கத் தூங்கவிடவில்லை. அதனால் எழுதுகிறேன்.

முதலில் பொருள். ஆங்கிலத்தில் நெர்வ் பிளாக் எனப்படுவதைத்தான் அந்தப் படிவம் நரம்பு அடைப்பு என்கிறது. இடுப்பு மூட்டின் வலியை மூளைக்குச் சுமந்துபோவது சில நரம்புகள். முன்பக்கத்தில் தொடை நரம்பின் கிளைகளும் ஆப்டுரேட்டர் நரம்பின் கிளைகளும்தான் முக்கியமானவை. அல்ட்ராசவுண்ட் திரையில் ஊசிமுனையைப் பார்த்தபடியே இந்த நரம்புகள் ஓடும் இடத்தில் பியூபிவகைன், ரோபிவகைன் போன்ற மருந்தைச் செலுத்துவார்கள். நரம்பிழையில் சோடியம் அயனிகள் உள்ளே வரும் வாயில்களை மருந்து மூடிவிடும். நரம்பில் ஓடும் மின்துடிப்பு மேற்கொண்டு நகராது. பல மணி நேரம் கழித்து மருந்தின் வேகம் தணிந்ததும் நரம்பு பழையபடி வேலை செய்யும். வயதானவர்களுக்கு இதனால் பெரிய நன்மை, மார்ஃபின் வகை மருந்துகளின் தேவை குறைவது. அந்த மருந்துகள் கூடினால் வாந்தி, மலச்சிக்கல், மனக்குழப்பம் என்று ஒவ்வொன்றாக வரும். ஃபேசியா இலியாகா பிளாக் என்பது இடுப்பு மூட்டுக்குப் பல காலமாகச் செய்யப்படும் முறை. 2018இல் டொராண்டோ மருத்துவர்கள் வெளியிட்ட பெங் பிளாக், மூட்டுக்குப் போகும் சிறு கிளைகளை மட்டும் குறிவைப்பது. தொடைத் தசையின் வலு பெரும்பாலும் குறையாமல் இருக்கும் என்பது அதன் சிறப்பு.

இந்த வித்தை புதிதும் அல்ல. 1884இல் மருத்துவர் கார்ல் கோலர் கோகெயின் சொட்டுகளால் கண்ணை உணர்விழக்கச் செய்து காட்டினார். அதையடுத்து நியூயார்க்கில் அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் அதே மருந்தை நரம்பையொட்டி ஊசியால் செலுத்திப் பார்த்தார். பிளாக் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு மூலப்பொருள் மரக்கட்டை, அடிமரம். கட்டையைப் போட்டு வழியை மறிப்பதிலிருந்து தடுத்தல் என்ற பொருள் வந்தது. மரக்கட்டை என்பதை நினைவில் வையுங்கள், மறுபடி வரும்.

இப்போது ‘நரம்பு அடைப்பு’க்கு வருகிறேன். இதை ஆதரிப்பவர்கள் சொல்லும் காரணம் எனக்குத் தெரியும். வாயில் மூடப்படுகிறது, துடிப்பின் வழி அடைக்கப்படுகிறது, ஆகவே அடைப்பு என்பார்கள். அடைத்தல் என்ற வினை சரிதான். ஆனால் உடம்பைப் பற்றிப் பேசும்போது அடைப்பு என்ற பெயர்ச்சொல் தமிழில் எப்படி வாழ்கிறது என்று பார்க்க வேண்டாமா? மாரடைப்பு, குடலடைப்பு, நீரடைப்பு, மூக்கடைப்பு. இவற்றில் எதையும் யாரும் யாருக்கும் செய்வதில்லை. எல்லாம் தானாக வருபவை. வந்தால் நீக்க வேண்டியவை. மருத்துவர் அடைப்பை எடுப்பார் என்றுதான் தமிழன் நினைப்பான். மருத்துவரே அடைப்பை உண்டாக்குவார் என்று எழுதினால் அவன் என்ன செய்வான்?

இதோடு முடியவில்லை. அடைப்புக்கு முன்னால் நிற்கும் நரம்பு என்ற சொல்லைப் பாருங்கள். பாடநூலில் நரம்பு என்றால் உணர்வைக் கடத்துவது. தெருவில் அப்படி இல்லை. கையில் நீலமாகத் தெரியும் இரத்தக்குழாயையும் நரம்பு என்றே சொல்கிறோம். சிரையில் போடும் ஊசி நரம்பு ஊசி. கெண்டைக்காலில் சிரை புடைத்து முறுக்கிக்கொண்டால் நரம்பு சுருட்டிக்கொண்டது என்போம். இது பாமரத் தவறு என்று ஒதுக்க முடியாது. புறநானூற்றின் 278ஆம் பாட்டில் முதிய தாயின் தோளை ‘நரம்பெழுந்து உலறிய நிரம்பா மென்தோள்’ என்று காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடுகிறார். வற்றிய தோளில் புடைத்துத் தெரியும் அந்த நரம்பும், யாழில் கட்டிய நரம்பும், உணர்வு நரம்பும் தமிழனுக்கு ஒரே சொல்தான். ஆகவே நரம்பு அடைப்பு என்று கேட்டதும் இரத்தக்குழாய் அடைப்பு என்று பெரியம்மா புரிந்துகொண்டதில் ஒரு பிழையும் இல்லை. பிழை எழுதியவருடையது.

இன்னொன்று. ஆப்டுரேட்டர் என்ற பெயரே ‘அடை’ என்று பொருள்படும் இலத்தீன் வினையிலிருந்து வந்தது. இடுப்பெலும்பில் ஒரு சவ்வு மூடிய துளை உண்டு, அதன் வழியே செல்வதால் அந்தப் பெயர். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் அது அடைப்பு நரம்பு. அந்த நரம்புக்கு பிளாக் கொடுத்தால் ‘அடைப்பு நரம்பு அடைப்பு’. அகராதியை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தால் வந்து சேரும் இடம் இது.

மற்ற போட்டிச் சொற்களும் தேறவில்லை. ‘நரம்புத் தடுப்பு’ கேட்க நன்றாக இருக்கிறது. பின்னால் ஊசி என்று சேர்த்தவுடன் தடுப்பூசியாகிவிடும், அம்மை, போலியோ பக்கம் மனம் போய்விடும். ‘நரம்பு முடக்கம்’ என்றால் முடக்குவாதம் நினைவுக்கு வரும். நடப்பதற்காகவே அறுவை சிகிச்சைக்கு வந்தவரிடம் அந்தச் சொல்லை எடுக்கவே கூடாது. கணினி மொழிபெயர்ப்பு சில சமயம் ‘நரம்புத் தொகுதி’ என்று தருகிறது. இலங்கைப் பாடநூல்களில் நரம்புத் தொகுதி என்றால் நாம் நரம்பு மண்டலம் என்று படித்த முழு அமைப்பு. ‘மயக்க ஊசி’ எல்லோருக்கும் தெரிந்த சொல், ஆனால் இங்கே நினைவு தப்புவதே இல்லை. கண் விழித்திருக்கும்போதே கொடுக்கக்கூடியது இது. அதற்குப் போய் மயக்கம் என்றால் எப்படி?

நான் முன்வைப்பது நரம்பு மரப்பு. செய்வது, நரம்பை மரக்க வைத்தல். கருவி, மரப்பு ஊசி. மரப்பூசி என்று சேர்த்து எழுத வேண்டாம், ‘மரப் பூசி’ என்று கண் பிரித்துவிடும். புளித்தது என்றால் புளிப்பு, விறைத்தது என்றால் விறைப்பு, அதுபோல மரத்தது என்றால் மரப்பு. இலக்கணம் உறுத்தவில்லை. மரத்தல் என்றால் மரம்போல ஆதல். ஆங்கிலத்தானின் மரக்கட்டையும் நம் மரமும் இரண்டு வேறு பாதைகளில் நடந்து ஒரே இடத்தில் சந்திப்பதைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது. ஈழத்தில் விறைப்பு ஊசி என்பார்கள், அதுவும் நல்ல சொல்தான். தமிழ்நாட்டில் விறைப்பு என்றால் உடல் இறுகுவது என்ற பொருள் முந்திக்கொள்வதால் இங்கே மரப்பு பொருந்தும்.

மரத்துப்போவதும் நோய்க்குறிதானே, சர்க்கரை நோயாளிக்குப் பாதம் மரத்துப்போகிறதே என்று ஒரு மருத்துவ நண்பர் மறுத்தார். உண்மை. ஆனால் சம்மணம் போட்டு நெடுநேரம் உட்கார்ந்து கால் மரத்துப்போகாதவர் நம்மில் யார்? கொஞ்ச நேரம் கால் நம்முடையதாகவே இருக்காது. அப்புறம் சுருசுருவென்று உணர்வு திரும்பும். நரம்பு அழுந்தி, பிறகு விடுபடுவதுதான் அங்கேயும் நடப்பது. தற்காலிகம், தானே திரும்பும், ஆபத்தில்லை என்ற மூன்றும் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கின்றன. அடைப்புக்குள் இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை.

என் ஆதங்கம் மருத்துவப் படிவங்களை மொழிபெயர்ப்பவர்கள் மீது. அந்தத் தாளில் ‘இடுப்பு’ என்று மட்டும் இருந்தது. இடுப்பு வலி என்றால் நமக்கு முதுகின் அடிப்பகுதி. இடுப்பு மூட்டு என்று ஒரு சொல் கூடுதலாகப் போட்டிருந்தால் எந்த இடம் என்று புரிந்திருக்கும். தூய தமிழாக இருக்கிறதா என்று பார்க்கிறார்கள், நல்லது, நானும் அந்தப் பக்கம்தான். கையெழுத்துப் போடப்போகிறவரின் வாயில் அந்தச் சொல் ஏற்கெனவே எப்படிப் புழங்குகிறது என்றும் கேட்க வேண்டும். ‘அறுவை சிகிச்சைக்குப் பிறகு வலி தெரியாமலிருக்க, இடுப்பு மூட்டுக்குப் போகும் நரம்புகளை ஊசி மருந்தால் சில மணி நேரம் மரக்க வைப்போம்’ என்று எழுதினால் எந்த இலக்கணம் கெட்டுப்போகும்?

மறுநாள் காலை ஊசிக்குத் தயார்செய்ய வந்த செவிலியர் படிவத்தைப் பார்க்கவே இல்லை. “பாட்டி, ஒரு ஊசி போடப்போறாங்க. தொடை கொஞ்ச நேரம் மரத்துக் கிடக்கும், அப்புறம் சரியாயிடும்” என்றார்.

“அவ்வளவுதானா?” என்றார் பெரியம்மா. என் கையை அப்போதுதான் விட்டார்.