ஊசி எங்கே உட்காருகிறது?

திருகோணமலை உப்புவெளியில் மாமா வீட்டு அலுமாரியில் ஒரு சிறிய தகரப் பெட்டி இருக்கிறது. உள்ளே நிறைய உருக்கு ஊசிகள், கிராமபோனுக்கு வாங்கியவை. தட்டின் ஒரு பக்கம் ஓடி முடிந்ததும் ஊசியை வீசிவிட வேண்டும் என்பது அந்தக் காலத்து விதி. ஊசி விற்பவர்கள் செய்த தந்திரம் என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். அப்படியில்லை.

நிமிடத்துக்கு 78 முறை சுழலும் அந்தக் காலத்துத் தட்டு அரக்கில் செய்யப்பட்டது. அரக்கோடு கல்தூளையும் கலந்தார்கள். கிராமபோன் தலையின் பாரமோ 100 கிராமுக்கும் மேல். முதல் சில சுற்றுகளிலேயே கல்தூள் ஊசியின் முனையைத் தேய்த்து, தட்டில் ஒலி பதிந்திருக்கும் பள்ளத்தின் வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும். தட்டே தனக்கான ஊசியைத் தீட்டிக்கொள்கிறது! ஆனால் தேய்மானம் அதோடு நிற்பதில்லை. பக்கம் முடியும்போது முனையில் உளிபோல விளிம்பு விழுந்திருக்கும். அதையே அடுத்த தட்டில் வைத்தால் பள்ளத்தைச் செதுக்கத் தொடங்கும்.

1948இல் எல்.பி. தட்டு, அதாவது நிமிடத்துக்கு 33⅓ முறை சுழன்று நீண்ட நேரம் பாடும் தட்டு, வந்தபின் நிலைமை தலைகீழானது. தட்டு மென்மையான வினைல். ஊசி நீலக்கல் அல்லது வைரம். நீலக்கல் சில பத்து மணி நேரம் தாங்கும், வைரம் 500 முதல் 1000 மணி நேரம். வைரமாவது தேய்வதாவது என்று கேட்பவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 20 நிமிடப் பக்கம் ஒன்றில் பள்ளத்தின் நீளம் ஏறத்தாழ 430 மீற்றர். 500 மணி நேரத்தில் ஊசி 600 கிலோமீற்றருக்கு மேல் உரசிச் செல்கிறது. திருகோணமலையிலிருந்து கொழும்புக்குப் போய்த் திரும்பினாலும் தூரம் மிஞ்சும்.

ஊசி பள்ளத்தின் அடியைத் தொடுவதில்லை என்பதுதான் பலருக்கும் தெரியாத செய்தி. பள்ளம் ஆங்கில ‘வி’ எழுத்தின் வடிவம். புனலில் சிக்கிய போளையைப் போல, உருண்டை முனை இரு சுவர்களிலும் தொட்டபடி தொங்குகிறது. ஸ்டீரியோ தட்டில் ஒரு சுவர் இடப்பக்க ஒலியையும் மறுசுவர் வலப்பக்க ஒலியையும் சுமக்கிறது. ஆகவே முனையின் பருமன் பள்ளத்துக்குப் பொருந்தியாக வேண்டும். 78 தட்டுக்கு முனையின் ஆரம் சுமார் 75 மைக்ரோன் (மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரோன்), ஸ்டீரியோ எல்.பி.க்கு சுமார் 18. மெல்லிய ஊசி நல்லதுதானே என்று மாமாவின் ரேடியோகிராமில் (வானொலியும் தட்டுச் சுழற்றியும் ஒன்றாயிருக்கும் பெட்டி) எல்.பி. ஊசியை 78இல் வைத்தேன். அது பள்ளத்தின் அடியில் விழுந்து, பல வருடத் தூசியில் புரண்டது. வந்தது பாட்டல்ல, இரைச்சல். தட்டுப் பழுது என்று மாமாவிடம் வேறு சொல்லிவைத்தேன்.

நீள்வட்ட முனை என்று இன்னொரு வகை உண்டு. அதன் பக்க ஆரம் 8 மைக்ரோன் அளவு. அதன் பயன் தட்டின் உட்சுற்றுகளில் தெரியும். 33⅓ சுழற்சியில் வெளிச்சுற்றில் ஊசியடியில் நொடிக்கு 51 சென்ரிமீற்றர் பள்ளம் ஓடும். கடைசிச் சுற்றில் வெறும் 21. ஒரு நொடிப் பாட்டு பாதிக்கும் குறைந்த நீளத்தில் நெருக்கி எழுதப்பட்டிருப்பதால் உருண்டை முனையால் அந்த நெளிவுகளுக்குள் புக முடிவதில்லை. ஊசி தேய்ந்ததும் அங்கேதான் முதலில் காட்டிக்கொடுக்கும்: பக்கத்தின் முடிவில் ‘ஸ’, ‘ச’ ஓசைகள் சிதறும்.

மாற்றுவது பெரிய வித்தையல்ல. முதலில் காட்ரிஜின், அதாவது ஊசியைத் தாங்கி அதன் அசைவை மின்சாரமாக்கும் சிறு பெட்டியின், பெயரையும் எண்ணையும் பாருங்கள். ஊசி அதற்கு உரியதாக இருக்க வேண்டும். பெரும்பாலானவற்றில் ஊசித் துண்டை மெல்ல முன்னோக்கி இழுத்தால் கழன்றுவிடும். பெட்டி திறக்காத பழைய ஊசி கிடைத்தது என்று மகிழ வேண்டாம்: ஊசிமுனை பொருத்திய நுண்தண்டைத் தாங்கும் இறப்பர் நம் வெக்கையில் ஓடாமலே இறுகிப்போயிருக்கலாம். கடற்காற்றில் காட்ரிஜின் பின்பக்கக் கம்பி இணைப்புகளில் களிம்பு பிடித்திருக்கும். துடைத்து மாட்டினால் ஒரு பக்க ஒலி காணாமல் போகும் தொல்லை குறையும்.

ஊசி துள்ளினால் தலையில் ஒரு ரூபாய்க் குற்றி வைப்பது மாமாவின் வைத்தியம். இந்த ரேடியோகிராம் ஊசிக்கு ஏறத்தாழ 5 கிராம் பாரமே போதும். குற்றி வைத்தால் அது பெரிதும் கூடிவிடும். பாரம் மிகக் குறைந்தாலும் கெடுதிதான், துள்ளும் ஊசி சுவரைக் கொத்தும். எல்.பி. ஊசியை மாற்றிவிட்டேன், குற்றியையும் எடுத்துவிட்டேன். 78க்கான ஊசி இன்னும் கிடைக்கவில்லை. அரக்குத் தட்டுகள் தகரப் பெட்டிக்குப் பக்கத்திலேயே காத்திருக்கின்றன.