எண்களைக் கேட்டே வண்டியின் வேலையைச் சொல்வது எப்படி?

நியூயார்க் தீயணைப்புத் துறையின் ரேடியோவில் வருவதெல்லாம் எண்கள்தான். அதை வைத்து எந்த வண்டிக்கு என்ன வேலை என்று வெளியிலிருந்து கேட்பவர்கள் எப்படிச் சொல்கிறார்கள் என்பது வாசகர் ஒருவரின் கேள்வி.

கருவியில் பெரிய சூட்சுமம் இல்லை. மன்ஹாட்டனுக்கு 154.250 மெகாஹெர்ட்ஸ், புரூக்ளினுக்கு 154.370. ஸ்கேனரை, அதாவது அலைவரிசைகளைத் தேடிக் கேட்கும் ரேடியோவை, குறுகிய எஃப்.எம். முறையில் வைக்க வேண்டும். அகல முறையில் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். பல அலைவரிசைகளைச் சுற்றவிட்டால் அறிவிப்பின் முதல் சில விநாடிகள் போய்விடும். பெட்டி எண் வருவதே அங்கேதான்.

அந்தப் பெட்டி எண்தான் திறவுகோல். தந்திக் காலத்தில் தெருமுனைகளில் வைத்த அபாயப் பெட்டிகளின் எண்கள் இன்றும் முகவரிபோலப் புழங்குகின்றன. ஒவ்வொரு பெட்டிக்கும் எந்த வண்டி முதலில், எது இரண்டாவது என்று ஒரு வரிசை உண்டு. கட்டடத்தில் தீ என்று தொலைபேசியில் தகவல் வந்தால் பொதுவாக மூன்று எஞ்சின் (தண்ணீர்க் குழாய் வண்டி), இரண்டு லேடர் (ஏணி வண்டி), ஒரு பட்டாலியன் சீஃப் (களத் தலைமை அதிகாரி).

வரிசையே வேலைப் பங்கீடும் ஆகிவிடுவதுதான் இதில் அழகு. முதல் எஞ்சின் குழாயை இழுக்கும். இரண்டாவது எஞ்சின் தனிக் குழாய் இழுக்காது. முதல் குழாயில் தண்ணீர் வரும்வரை அதற்குக் கைகொடுக்கும். முதல் லேடர் தீப்பிடித்த தளத்துக்கு, இரண்டாவது அதற்கு மேல்தளத்துக்கு. களத்தில் பேசும் கைக்கருவிகளின் திறன் சில வாட்தான், தூரத்தில் கேட்காது. ஆனாலும் வரிசையைக் குறித்துக்கொண்டவருக்கு மேல்தளத்தில் தேடுவது யார் என்று ஊகிக்க முடியும். "10-75" என்றால் தீ உறுதி. நான்காவது எஞ்சின், ஸ்குவாட், ரெஸ்கியூ என்ற சிறப்புக் குழுக்கள், ஆபத்தில் சிக்கும் வீரர்களை மீட்கவென்றே தயாராக நிற்கும் மூன்றாவது லேடர் எல்லாம் சேரும்.

தப்பாகப் போகும் இடம் "ஆக்டிங்". எட்டாவது அவென்யூவின் எஞ்சின் 54 வேறு தீயில் சிக்கியிருந்தால், அதன் நிலையத்துக்கு வேறொரு வண்டியை அனுப்பி "ஆக்டிங் 54" என்பார்கள். அதைத் தவறவிட்டால் ஒரே எஞ்சின் இரண்டு தீயில் நிற்பதாகக் கணக்கு வரும். போய்ச் சேர்ந்ததைப் பல வண்டிகள் பொத்தானை அழுத்தியே தெரிவித்துவிடுகின்றன. குரல் கேட்கவில்லை என்பதற்காக வண்டி வரவில்லை என்று எழுதிவிடக் கூடாது.

2023-இல் நியூயார்க் காவல்துறை தன் ரேடியோவை வெளியார் கேட்க முடியாதபடி மறையாக்கம் செய்யத் தொடங்கியது. தீயணைப்புக்கும் அது தேவையா? என் கருத்தில் இல்லை. தீக்கு ஒளித்துவைக்க வேண்டிய இரகசியம் எதுவும் கிடையாது.

"10-18" என்று வந்தால் ஓர் எஞ்சின், ஒரு லேடர் தவிர மற்றவை திரும்பிவிடும்; உங்கள் குறிப்பில் அவற்றை அடித்துவிடலாம். நிற்பவை எவை என்பதை அடுத்த வரியிலேயே சொல்லிவிடுவார்கள்.