மருந்தெதிர்ப்பு: எதிர்ப்பது யார்?

சிங்கப்பூரில் எங்கள் புளோக்கில் வசிக்கும் ஒரு மூதாட்டிக்குத் துணையாகப் பலதுறை மருந்தகத்துக்குப் போயிருந்தேன். சிறுநீர்ப் பரிசோதனை முடிவைப் பார்த்து மருத்துவர் ஆங்கிலத்தில் சொன்னதை நான் அவசரத் தமிழில் சொன்னேன்: "பாட்டி, உங்கள் சிறுநீரில் இருக்கும் கிருமிக்கு எதிர்ப்புச் சக்தி இருக்கிறதாம்." பாட்டியின் முகம் மலர்ந்தது. "எதிர்ப்புச் சக்தி இருந்தால் நல்லதுதானே தம்பி?"

பிழை என்னுடையது. நெல்லிக்காயில் தொடங்கித் தடுப்பூசி வரை, 'எதிர்ப்புச் சக்தி' என்றாலே நம் உடம்பின் பலம் என்றுதான் காது பழகியிருக்கிறது. அதே சொல்லைக் கிருமியின் கையில் கொடுத்தால் யாருக்குத்தான் குழப்பம் வராது?

மருத்துவர் சொன்னது 'ஆன்டிபயாட்டிக் ரெசிஸ்டன்ஸ்'. இரண்டு சொற்களையும் பிரித்துப் பார்ப்போம். முதலில் ஆன்டிபயாட்டிக். கிரேக்க மொழியில் 'ஆன்டி' என்றால் எதிர். 'பயோஸ்' என்றால் உயிர். ஓர் உயிர் இன்னோர் உயிரை ஒடுக்கி வாழ்வதைக் குறிக்க 'ஆன்டிபயோசிஸ்' என்ற சொல் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பிரான்சில் பிறந்துவிட்டது. 1940களில், மண்ணில் வாழும் நுண்ணுயிரிகளை ஆராய்ந்த செல்மன் வாக்ஸ்மன், ஒரு நுண்ணுயிரி மற்றொன்றை அடக்கச் சுரக்கும் பொருளுக்கு 'ஆன்டிபயாட்டிக்' என்ற பெயரை நிலைநிறுத்தினார். காசநோய்க்கான ஸ்டிரெப்டோமைசின் 1943இல் அவருடைய ஆய்வுக்கூடத்தில்தான் கிடைத்தது.

ஆக, இது நுண்ணுயிரிகள் தமக்குள் நெடுங்காலமாக நடத்திவரும் சண்டை. நாம் பாதியில் வந்து ஆயுதத்தை மட்டும் இரவல் வாங்கிக்கொண்டோம். ஆயுதம் பழையது என்றால் கேடயமும் பழையதுதான். பென்சிலின் பொதுமக்களை எட்டுவதற்கு முன்பே, 1940இல், அதைச் சிதைக்கும் நொதி ஒன்று பாக்டீரியாவில் இருப்பதை ஆபிரகாம், செயின் என்ற இரு ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள்.

அடுத்து ரெசிஸ்டன்ஸ். இலத்தீன் வேர்ச்சொல்லுக்கு 'எதிர்த்து நிற்பது' என்று பொருள். நிற்பது யார் என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். "என் உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டது" என்பார்கள். உடம்பு பழகவில்லை. கோடிக்கணக்கான பாக்டீரியாக்களில் ஏதோ ஒன்றில் மரபணு தற்செயலாக மாறியிருக்கும். மருந்து மற்றவற்றையெல்லாம் கொன்று அதற்கு இடத்தைக் காலி செய்து கொடுக்கிறது. ஈ.கோலை போன்ற பாக்டீரியா நல்ல சூழலில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். மிஞ்சிய ஒன்று ஒரு கூட்டமாக எவ்வளவு நேரம் ஆகும்? அந்தக் கூட்டம் மருந்தை நொதியால் வெட்டும், உள்ளே வந்ததை வெளியே இறைத்துத் தள்ளும், அல்லது மருந்து தாக்கும் இடத்தின் வடிவத்தையே மாற்றிவிடும்.

இதைவிட வியப்பானது பகிர்தல். பிளாஸ்மிட் என்னும் சிறு டிஎன்ஏ வளையத்தில் எதிர்த்து நிற்கும் மரபணுக்கள் இருக்கும். ஒரு பாக்டீரியா மற்றொன்றைத் தொட்டு, அந்த வளையத்தின் நகல் ஒன்றைக் கொடுத்துவிடும். தீபாவளிக்கு முறுக்கும், நோன்புப் பெருநாளுக்குக் குவே பலகாரமும் நம் தாழ்வாரத்தில் வீட்டுக்கு வீடு போவதைப் போல, இனம் பார்க்காமல் போகும். 1950களில் ஜப்பானில் சீதபேதிக் கிருமிகள் பல மருந்துகளை ஒரே நேரத்தில் எதிர்த்து நின்ற புதிர் இப்படித்தான் அவிழ்ந்தது.

கிருமிகள் இப்படி மருந்தை எதிர்ப்பதைச் சமாளிக்கவென்றே சிங்கப்பூர் 2017இல் ஒரு தேசியச் செயல்திட்டத்தை வெளியிட்டது. மருத்துவர் எழுதித் தராமல் ஆன்டிபயாட்டிக் இங்கே கிடைக்காது. ஆனாலும் சளிக்கும் காய்ச்சலுக்கும் அதைக் கேட்டு அடம்பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். அவற்றுக்குப் பெரும்பாலும் காரணமான வைரஸை அது தொடவே தொடாது.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? ஆன்டிபயாட்டிக்கை 'உயிரெதிரி' என்று நேராகப் பெயர்க்கலாம். ஆனால் பரம்பரைப் பகையாளி போல ஒலிக்கிறது. 'நுண்ணுயிர்க்கொல்லி' பரவாயில்லை, ஆனால் டெட்ராசைக்ளின் போன்ற சில மருந்துகள் பெரும்பாலும் கொல்வதில்லை, வளரவிடாமல் நிறுத்துகின்றன. 'நுண்ணுயிர் எதிர்ப்பி' பொருந்துகிறது. அதற்குப் பின்னால் ரெசிஸ்டன்ஸைச் சேர்க்கும்போதுதான் சிக்கல்: 'நுண்ணுயிர் எதிர்ப்பி எதிர்ப்பு'. நாக்கு சுளுக்கிக்கொள்ளும். சுருக்கி 'நுண்ணுயிர் எதிர்ப்பு' என்றாலோ, நுண்ணுயிரி எதிர்க்கிறதா, நுண்ணுயிரியை நாம் எதிர்க்கிறோமா என்று தெரியாது. சோப்பு விளம்பரத்துக்கும் அதே சொல் ஆகும்.

என் தேர்வு 'மருந்தெதிர்ப்பு'. இதிலும் ஒரு குறை உண்டு. மது எதிர்ப்பு, புகை எதிர்ப்பு என்று பழகிய நமக்கு, மருந்தே வேண்டாம் என்று கொடிபிடிக்கும் கூட்டம் நினைவுக்கு வரலாம். முன்னால் 'கிருமியின்' என்று ஒரு சொல் சேர்த்துவிட்டால் ஐயம் தீரும். எழுத்துக்கு 'கிருமியின் மருந்தெதிர்ப்பு'. பேச்சுக்கு 'மருந்துக்கு மசியாத கிருமி'.

அன்று பாட்டியிடமும் அப்படித்தான் திருத்திச் சொன்னேன். "பாட்டி, இந்தக் கிருமி முன்பு கொடுத்த மருந்துக்கு மசியவில்லை. வேறு மருந்து தருகிறார்கள்."

பாட்டி ஒரு கணம் யோசித்தார். "அடங்காப்பிடாரி என்று முதலிலேயே சொல்லியிருக்கலாமே தம்பி!"