சிரிக்கிற பிள்ளைகளையும் கவனியுங்கள்

அடிக்கிற, கடிக்கிற, கையில் கிடைத்ததைத் தூக்கி எறிகிற பிள்ளைகளை ஒரே குழுவாக உட்கார வைத்துச் சமூகத் திறன் பயிற்சி கொடுக்கச் சொல்லிப் பயிற்சியாளர்களான எங்களைப் பள்ளிகள் கேட்கின்றன. மற்றவர்களோடு பழகத் தெரியாத பிள்ளை, நாலு பேரோடு சேர்ந்துதானே அதைக் கற்க முடியும்? சரிதான். அந்த நாலு பேர் யார் என்பதை மட்டும் பலர் யோசிப்பதில்லை.

குழுவில் நான் அதிகம் கவனிப்பது, சேட்டைக்குச் சிரிக்கிற பிள்ளைகளை. "கோபம் வந்தால் என்ன செய்வாய்?" என்று கேட்கிறோம். "மூக்கிலேயே ஒரு குத்து விடுவேன், மிஸ்" என்கிறான் ஒருவன். மூன்று பேர் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்புதான் அவனுக்குப் பரிசு. நம் பாராட்டு அதன் பக்கத்தில்கூட வராது. அடுத்தவன் அவனை மிஞ்சத்தான் பார்ப்பான்.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் உளவியலாளர் தாமஸ் டிஷியன் 11 முதல் 14 வயதுப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வு இதில் முக்கியமானது. குழுவாகப் பயிற்சி பெற்றவர்களிடம் ஓராண்டு கழித்துப் புகைப்பழக்கமும் பள்ளியில் நடத்தைச் சிக்கல்களும் கூடியிருந்தன. நல்லது செய்யப் போய் இப்படி ஆகலாம் என்பது எங்கள் துறைக்குப் பெரிய எச்சரிக்கை.

அதற்காகக் குழுவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அதே நாட்டின் அலபாமா மாநிலத்தில் உளவியலாளர் ஜான் லாக்மன் குழுவினர் முரட்டுத்தனம் உள்ள 360 நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் குழுவாகவும் தனித்தனியாகவும் பயிற்சி கொடுத்து ஒப்பிட்டார்கள். இரண்டுமே பலன் தந்தன. ஆனால் ஆசிரியர்களின் மதிப்பீட்டில், தனியாகப் பயின்றவர்களிடம் முன்னேற்றம் அதிகம்.

எனவே குழு சிறியதாக இருக்கட்டும். ஐந்தாறு பேர் போதும். நிதானமாகப் பழகும் பிள்ளைகளும் அதில் கலந்திருக்க வேண்டும். பயிற்சியாளர் இருவர் தேவை: ஒருவர் சொல்லித்தர, மற்றவர் கண்ணும் காதுமாக இருக்க. வீறாப்புப் பேச்சுக்கு நீண்ட அறிவுரை சொன்னால் அதுவும் அவனுக்குக் கிடைத்த மேடைதான். பேச்சைச் சட்டென்று வேறு பக்கம் திருப்பி, சிரிக்காமல் இருந்த பிள்ளையை அப்போதே பாராட்டுங்கள். அப்புறம், பயிற்சிக்கு முன்னும் பின்னும் வராந்தாவில் காத்திருக்கும் நேரம். பெரியவர் யாரும் இல்லாத அந்தப் பத்து நிமிடத்தில் பயிற்சி முழுவதும் கரைந்துபோகலாம்.

பெற்றோரே, சேர்ப்பதற்கு முன் கேளுங்கள்: குழுவில் எத்தனை பேர், எந்த வயது, பயிற்சியாளர் எத்தனை பேர்? சில வாரங்களில் பிள்ளை புதுக் கெட்ட வார்த்தைகளோடு வந்தாலோ, குழுவில் ஒருவனின் அடிதடியைப் பெருமையாகச் சொன்னாலோ, உங்கள் பிள்ளையைத் திட்ட வேண்டாம். உடனே பயிற்சியாளரிடம் சொல்லுங்கள். உங்கள் பிள்ளையைத் தனிப் பயிற்சிக்கு மாற்ற முடியும்.