ராத்திரி நேரத்திலும் நோயாளியைக் கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்

போன வாரமும் அதே கதை. காதுவலியால் அழுத மூன்று வயதுக் குழந்தைக்கு முந்தின ராத்திரி வேறோர் இடத்தில் ஆன்டிபயாட்டிக் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு வேளை கொடுத்ததும் வயிற்றுப்போக்கு. அம்மா தானாகவே நிறுத்திவிட்டார். "காது கேட்காமப் போயிடுமோன்னுதான், டாக்டர், அடிச்சுப் பிடிச்சு ஓடினேன்" என்றார். அந்தப் பயம் என்னவென்று யாரும் அவரிடம் கேட்கவே இல்லை.

"நடுராத்திரி, கூட்டம், முன்பின் தெரியாத நோயாளி. இதில் கலந்து பேச எங்கே நேரம்?" சக மருத்துவர்களின் இந்தச் சமாதானம் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. முன்பின் தெரியாதவர் என்பதால்தானே கேட்க வேண்டும்! வழக்கமாகப் பார்க்கும் டாக்டருக்கு அவருடைய பழைய நோய், ஒவ்வாமை, வீட்டு நிலைமை எல்லாம் தெரியும். நமக்கு எதுவும் தெரியாது. மறுநாள் அவரைப் பார்க்கப்போவதும் நாம் இல்லை. எழுதிக் கொடுத்ததை வீட்டில் செய்யப்போகிறவர் அவர்தான். மனசுக்கு ஒப்பாத மருந்து அலமாரியில்தான் கிடக்கும். நெஞ்சுவலி, பக்கவாதம், மூச்சுத்திணறல் என்றால் சிகிச்சைதான் முதலில். எல்லோரும் அப்படி வருவதில்லையே.

இந்தக் காதுவலியையே எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான குழந்தைகளுக்கு மூன்று நாளில் தானாகவே அடங்கிவிடும். ஆன்டிபயாட்டிக்கால் கிடைக்கும் கூடுதல் பலன் கொஞ்சம்தான். சிலருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு, தடிப்பு வரும். (இரண்டு வயதுக்குள் இரு காதிலும் தொற்று, அல்லது காதிலிருந்து சீழ் வடிகிறது என்றால் பலன் அதிகம், அங்கே என் பேச்சு மாறும்.) ஆகவே இரண்டு வழி உண்டு. ஆன்டிபயாட்டிக்கை இப்போதே தொடங்கலாம். அல்லது வலிக்கு மட்டும் மருந்து கொடுத்து, மூன்று நாளில் குறையாவிட்டாலோ அதற்குள் மோசமானாலோ தொடங்குங்கள் என்று சீட்டைக் கையில் கொடுத்தனுப்பலாம். இரண்டும் சரியான வைத்தியம்தான். எது ஒத்துவரும் என்று அம்மாவிடம் கேட்க ஒரு நிமிஷம் போதும்.

நோயாளிகளுக்கும் ஒரு வார்த்தை. "நீங்கதானே டாக்டர், நீங்களே சொல்லுங்க" என்று ஒதுங்காதீர்கள். உங்களைக் கேட்கிற டாக்டர் விஷயம் தெரியாதவர் அல்ல. எதை நினைத்துப் பயந்து வந்தீர்களோ அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். சாப்பிடும் மாத்திரை அட்டைகளைக் கையோடு கொண்டுவாருங்கள். ஒவ்வாமை, கர்ப்பம் இருந்தால் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். வேறு வழி இருக்கிறதா, ஒவ்வொன்றிலும் நல்லது கெட்டது என்ன, எனக்கு அது நடக்க எவ்வளவு வாய்ப்பு என்று தயங்காமல் கேளுங்கள். கிளம்புமுன், புரிந்ததை உங்கள் வார்த்தையில் ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள். என்னென்ன தெரிந்தால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது என்று கேட்காமல் எழுந்திருக்காதீர்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ காய்ச்சல் என்றால், தயவுசெய்து வீட்டிலேயே வைத்துப் பார்க்காதீர்கள். எந்த நேரமானாலும் உடனே தூக்கிக்கொண்டு வாருங்கள்.