முதல் டிரையத்லான் சைக்கிளும் பாலக்காட்டுக் காற்றும்

பல்லடத்திலிருந்து உடுமலைக்கு ஆனி, ஆடி மாதங்களில் சைக்கிள் ஓட்டியவர்களுக்குக் காற்றைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியே புகும் தென்மேற்குப் பருவக்காற்று, தெற்கு நோக்கிப் போகிறவரைப் பக்கவாட்டில் வந்து அறையும். அந்தப் பக்கமெல்லாம் காற்றாலைகள் நிற்பதும் அதனால்தான்.

கிணற்றில் குதித்து நீச்சல் பழகிய பெண்களுக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் அடுத்தடுத்து வரும் டிரையத்லான் பந்தயம் என்றதும் அவர்கள் தயங்குவது நடுவில் வரும் சைக்கிளிடம்தான். ஒலிம்பிக் தூரம் என்பது 1.5 கி.மீ. நீச்சல், 40 கி.மீ. சைக்கிள், 10 கி.மீ. ஓட்டம். இதில் ஏறக்குறைய பாதி நேரம் சைக்கிள் மேல்தான் கழியும்.

சமதளத்தில் வேகமாகப் போகும்போது காலின் உழைப்பில் பெரும்பகுதியைக் காற்றே தின்றுவிடுகிறது. பம்பின் சுழற்சி வேகத்தை இரண்டு மடங்காக்கினால் எட்டு மடங்கு சக்தி கேட்கும் என்பது கோவைப் பட்டறைகளில் பழகிய கணக்கு. காற்றுக்கும் அதே கணக்குதான். மணிக்கு 30 கி.மீ. வேகத்தை 33 ஆக்க வேண்டுமானால், காற்றைப் பிளக்க மட்டும் மூன்றில் ஒரு பங்கு சக்தி கூடுதலாக வேண்டும். அந்தத் தடையில் சைக்கிளின் பங்கு சிறிது; முக்கால் பங்குக்கு நம் உடம்பே பொறுப்பு. உடல் எடை குறையும் அளவுக்குக் காற்றில் படும் பரப்பு குறைவதில்லை என்பதால், சிறிய உடல்வாகு கொண்டவர் சமதளத்தில் சற்று நஷ்டப்படுகிறார். குனிந்து ஓட்டுவதால் அவருக்குக் கிடைக்கும் ஆதாயம் அற்பமானதல்ல.

டிரையத்லான் சைக்கிள் இந்தக் குனிதலுக்காகவே பிறந்தது. முன்னே நீண்ட ஏரோ பார் மேல் முழங்கையை ஊன்றிப் படுத்தாற்போல ஓட்ட வேண்டும். சாதாரண ரோடு சைக்கிளில் சீட்டைத் தாங்கும் குழாய் தரையிலிருந்து 73 பாகை அளவில் சாய்ந்திருக்கும். இதில் 76 முதல் 80 வரை நிமிர்ந்து நிற்கும். இடுப்பு முன்னே நகர்வதால், குனிந்தாலும் தொடை வயிற்றில் இடிப்பதில்லை.

வம்பு சீட்டில்தான் தொடங்குகிறது. நிமிர்ந்து உட்காரும்போது எடையைத் தாங்குபவை இடுப்பின் அடியிலுள்ள இரண்டு எலும்பு முனைகள். பெண்களுக்கு இவற்றின் இடைவெளி சராசரியாகச் சற்று அதிகம். குனிந்ததும் இடுப்பு முன்பக்கம் உருண்டு, பாரம் எலும்பை விட்டு முன்னாலுள்ள மென்மையான சதைக்கு மாறுகிறது. மரத்துப்போவதும் புண்ணாவதும் இதனால்தான். வலித்தால் மெத்தென்ற சீட்டாக மாற்றுங்கள் என்று கடைக்காரர் ஒருவர் எனக்குச் சொன்னார்; மாற்றினேன், இன்னும் வலித்தது. மெத்தையில் எலும்பு புதைய, நடுப்பகுதி மேலெழும்பி அழுத்துகிறது. நடுவில் பள்ளம் வெட்டிய சீட்டு அல்லது மூக்கு இரண்டாகப் பிளந்த சீட்டு உதவும். இதைக் கூச்சப்படாமல் கடையில் கேட்க வேண்டும். கேட்காமல் 40 கி.மீ. அவதிப்படுவது நாம்தான்.

‘பெண்கள் மாடல்’ என்ற ஒட்டுத்தாளை நான் நம்புவதில்லை. பல நேரங்களில் நிறம் மட்டுமே மாறியிருக்கும். பார்க்க வேண்டியவை இரண்டு எண்கள்: கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) சுழலும் அச்சிலிருந்து ஹேண்டில் குழாயின் உச்சி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைச் சொல்லும் ‘ஸ்டாக்’, எவ்வளவு முன்னே இருக்கிறது என்பதைச் சொல்லும் ‘ரீச்’. மிகச் சிறிய ஃப்ரேமிலும் வழக்கமான 622 மி.மீ. விட்டமுள்ள ரிம்மையே திணிப்பதால், மெதுவாகத் திரும்பும்போது கால் விரல் முன்சக்கரத்தில் இடிக்கும். 571 மி.மீ. ரிம் இதற்குத் தீர்வுதான், ஆனால் அதற்கு டயர் தேடி அலைய வேண்டும். 165 மி.மீ. அல்லது அதைவிடக் குட்டையான கிராங்க் போட்டால் இடுப்புக்கும் விரலுக்கும் இடம் கிடைக்கும்.

என்னைக் கேட்டால், முதல் சைக்கிள் உடம்புக்குப் பொருந்தும் ரோடு சைக்கிளாக இருக்கட்டும். ஏரோ பாரைப் பிறகு மாட்டிக்கொள்ளலாம். ஒலிம்பிக் வீராங்கனைகளே ரோடு சைக்கிளில்தான் போட்டியிடுகிறார்கள். அங்கே ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டிக் காற்றுக்கு மறைந்து ஓட்ட அனுமதி இருப்பதே காரணம். வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குவதற்கும் ரோடு சைக்கிளே தோது. பக்கவாட்டில் உயரமான ரிம் வைத்த பந்தயச் சக்கரம் இப்போதைக்கு வேண்டாம். எடை குறைந்தவரின் முன்சக்கரத்தை உடுமலைச் சாலைக் காற்று பாய்மரத்தைப் போலத் திருப்பிவிடும். ஏரோ பாரின் நுனியில் பிரேக்கும் கிடையாது. லாரி ஒன்று கடந்து போய்க் காற்றின் மறைப்பு சட்டென்று விலகுமுன், கை பிரேக் பிடிக்கு வந்திருக்க வேண்டும்.