சிற்றினமா, இனமா?

"பூனை இனத்தைச் சேர்ந்த புலி" என்று எழுதுகிறார்கள். இரண்டு வரி தள்ளி, "அழிந்துவரும் புலி இனம்" என்கிறார்கள். காட்டுயிர் செய்தி என்றாலே இது தவறாமல் வந்துவிடுகிறது. புலியே ஓர் இனமா, இல்லை பூனை இனத்துக்குள் அடக்கமா? படிக்கும் பிள்ளை எதை எடுத்துக்கொள்ளும்?

உயிரியலில் ஒரு தனி உயிர்வகையைக் குறிக்கும் ஸ்பீசிஸ் என்ற இலத்தீன் சொல் பார்த்தலைக் குறிக்கும் வேரில் பிறந்தது. தோற்றம், வகை என்று பொருள். நெருங்கிய ஸ்பீசிஸ்களின் தொகுதியைக் குறிக்கும் ஜீனஸ் பிறப்போடு தொடர்புடையது. இவ்விரண்டையும் இணைத்துப் பெயரிடும் முறையை சுவீடன் இயற்கை அறிஞர் லின்னேயஸ் தாவரங்களுக்கு 1753இலும் விலங்குகளுக்கு 1758இலும் நிலைநாட்டினார். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ஸ்பீசிஸ் சிற்றினம், ஜீனஸ் பேரினம். புலியும் சிங்கமும் தனித்தனிச் சிற்றினங்கள். பேரினம் ஒன்றே, பாந்தெரா. வீட்டுப் பூனையின் பேரினம் ஃபீலிஸ். மூன்றும் ஒன்றுசேரும் இடம் பேரினத்துக்கு மேலே உள்ள குடும்பம். எனவே "பூனைக் குடும்பத்துப் புலி" என்பதே சரி.

சிற்றினம் என்ற சொல்லே கூடாது, இனம் போதும் என்று வாதிடுவோர் உண்டு. அவர்கள் காட்டும் சான்று திருக்குறளின் 46ஆம் அதிகாரம், சிற்றினம் சேராமை. அங்கே அது கீழோர் கூட்டம். அந்தப் பெயரை உயிர்களுக்கு வைக்கலாமா என்கிறார்கள். அதே அதிகாரத்தில் "நல்லினத்தின் ஊங்குந் துணையில்லை" என்றும் வருகிறதே! அங்கே இனமும் ஒருவரைச் சூழ்ந்த கூட்டம்தான். குறள் பொருள் தடை என்றால் இனத்துக்கும் அதே தடை. பறவையின் மூக்கும் அலகு, அளவையும் அலகு, யாரும் குழம்பவில்லை. துறைக்குள் வந்த சொல் துறையின் பொருளை ஏற்கும்.

இனத்தின் உண்மையான குறை அதன் சுமை. மனித இனம், தமிழினம், மாட்டினம், நாயினம், எல்லாவற்றையும் அதுவே சுமக்கிறது. ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் இரு நாய் இனங்கள். கலந்து ஈன்றால் குட்டிகளும் இயல்பாகப் பெருகும், ஏனெனில் சிற்றினம் ஒன்றே. குதிரையும் கழுதையும் வேறு வேறு சிற்றினங்கள். அவற்றுக்குப் பிறக்கும் கோவேறு கழுதை பொதுவாக மலடு. இந்த வேறுபாட்டை வெறும் 'இனம்' எப்படிச் சொல்லும்?

இலங்கைப் பாடநூல்களில் ஸ்பீசிஸ் இனம், ஜீனஸ் சாதி, குடும்பத்துக்கும் மேலே உள்ள ஆர்டர் என்ற நிலை வருணம். பிறப்பைக் குறிக்கும் வேர் என்பதால் சாதி, சொல்லளவில் ஜீனஸுக்கு நெருக்கமானதே. ஆனாலும் மனிதரைக் கூறுபோட்ட சொற்களை மரத்துக்கும் மீனுக்கும் சூட்ட எனக்கு மனம் ஒப்பவில்லை. பேரினம் கையில் இருக்கும்போது அந்தத் தேவையும் இல்லை.